மருந்து வடிகட்டிய வேட்டித் துணி

ஒன்பது வருடம் ஒரு வேதியியல் ஆராய்ச்சிக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆராய்ச்சி செய்தவர் எங்கள் துறை விரிவுரையாளர், ஒரு பெண். அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன். அவருக்கு டாக்டர் பட்டம் கிடைக்குமா கிடைக்காதா என்பது ஒரு கட்டத்தில் எங்கள் வீட்டு வேட்டித் துணி ஒன்றில் வந்து நின்றது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது தேனி தனி மாவட்டமாகிக்கொண்டிருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இருந்த ஒரு கல்லூரியில் ஆய்வகப் பணியாளர் வேலை. முதல் இரண்டு வருடம் மாணவர்களுக்குக் குடுவை எடுத்துக் கொடுப்பதும், அவர்கள் போன பிறகு கழுவிக் கவிழ்ப்பதும்தான். எனக்கு அது ஒத்துவந்தது. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. நாலு பேர் நடுவில் யாராவது என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டால் காது சூடாகிவிடும். தெரிந்த பதிலும் தொண்டைக்கு மேலே வராது. பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில் என் மனைவி வீட்டார் கொடுத்த முக்கால் ஏக்கர் திராட்சைத் தோட்டம் எங்களுக்கு இருந்தது. விடிந்ததும் அங்கே போய் வேலை பார்த்துவிட்டு, குளித்து, பேருந்தேறிக் கல்லூரிக்கு வருவேன்.

மேடம் வந்து சேர்ந்தது 1998-இல். போடி பக்கத்து விவசாயக் குடும்பம். மதுரையில் ஒரு பேராசிரியரிடம் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தார். வாரத்தில் ஐந்து நாள் பாடம் நடத்திவிட்டு, மீதி நேரத்தில் எங்கள் கல்லூரியிலேயே சோதனைகளைச் செய்வது என்று ஏற்பாடு. துறையின் பின்பக்கம் உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். ஒழித்தது நான்தான். அப்படித்தான் அந்த வேலையில் ஒட்டிக்கொண்டேன்.

அவர் செய்தது என்ன என்று எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், ஒருவகைப் புல்லைக் காய்ச்சி எண்ணெய் எடுப்பார்கள். எலுமிச்சை வாசம் அடிக்கும். அந்த வாசத்துக்குக் காரணமான பொருளுக்குச் சிட்ரால் என்று பெயர். அதன்மேல் ஹைட்ரஜன் வாயுவைச் சேர்த்தால் அது வேறு பொருளாகும். ஆனால் சும்மா சேராது. பிளாட்டினம் போன்ற ஓர் உலோகம் கூட இருந்தால்தான் சேரும். அந்த உலோகம்தான் வினையூக்கி. சிட்ராலில் ஹைட்ரஜன் சேரக்கூடிய இடங்கள் மூன்று. மூன்றிலும் சேர்ந்தால் ஒன்றுக்கும் ஆகாது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சேர்ந்தால் ரோஜா வாசம் அடிக்கும் பொருள் வரும்.

"கவாத்து வெட்டுறப்ப எந்தக் கண்ணு துளுக்கணும்னு பார்த்துத்தானண்ணே வெட்டுறீக," என்று ஒருநாள் சொன்னார். "அதே வேலதான் இதுவும். கண்ணுக்குத் தெரியாது, அம்புட்டுத்தான் வித்தியாசம்."

பிளாட்டினத்தை அப்படியே போட முடியாது. வெள்ளைப் பொடி ஒன்றின்மேல் துளித்துளியாக ஏற்றி, உலர்த்தி, சுட்டு எடுக்க வேண்டும். அந்தப் பொடியை மேடம் நெல் உமியிலிருந்து செய்தார். உமியை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, மின் உலையில் சுட்டால் வெண்ணிறச் சாம்பல் கிடைக்கும். எங்கள் பள்ளத்தாக்கில் உமிக்குப் பஞ்சமில்லை. இந்த உமிச் சாம்பல் மேல் உட்காரும் பிளாட்டினம், ஹைட்ரஜனைச் சரியான இடத்தில் மட்டும் சேரவைக்கும் என்பது அவர் எண்ணம். அவருடைய ஆராய்ச்சி முழுக்க அந்த எண்ணத்தின் மேல்தான் நின்றது.

சிவப்பு ஹைட்ரஜன் சிலிண்டர் வெளியே ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. அதிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு மெல்லிய குழாய் உள்ளே வந்து, தடித்த எஃகுப் பாத்திரம் ஒன்றில் சேரும். பாத்திரத்தை மூடி எட்டு போல்ட் முறுக்குவேன். வாயுவை அடைத்த பிறகு கால் மணிக்கொரு முறை அழுத்தமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். முள் இறங்கினால் ஹைட்ரஜன் உள்ளே செலவாகிறது என்று அர்த்தம். நடுவில் மின்சாரம் போனால் கலக்கும் மோட்டார் நின்றுவிடும். அன்றைய வேலை வீண்.

முடிந்ததும் திறந்து வடிகட்டி, சின்னக் குப்பிகளில் அடைத்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மதுரைக்குக் கொண்டுபோவேன். அங்கே இருந்த கருவியில்தான் என்ன எவ்வளவு என்று பார்க்க முடியும். தாள் கையில் வர ஒரு வாரம் ஆகும். அதற்குள் எங்களுக்குப் பொறுக்காது. பாத்திரத்தைத் திறந்ததும் முகர்ந்து பார்ப்போம்.

"என்ன வாடண்ணே?"

"கொசு எண்ண வாடதான் மேடம்."

"எலுமிச்ச?"

"கொஞ்சம் கிடக்கு. பாக்கி கொசு எண்ண."

ஹைட்ரஜன் தவறான இடத்தில் சேர்ந்துவிட்டால் அந்த வாசம். பதினாறு முறை செய்தோம். பதினாறு முறையும் கொசு எண்ணெய்.

எங்கள் ஸ்டோர் கீப்பர் என் வயதுக்காரர், தூரத்து உறவும்கூட. அவர் வாசலில் நின்று கேட்பார்: "என்ன மாப்ள, ராத்திரி பூசிக்க எண்ண ரெடியாயிருச்சா? வீட்டுல கொசு தாங்கல." மேடம் காதில் விழும்படிதான் கேட்பார். மேடம் திரும்பமாட்டார்.

பதினேழாவது முறை நடந்தது இது. பிளாட்டினம் ஏற்றிய பொடியைப் பீங்கான் தட்டில் பரப்பி, மாலையில் அடுப்புப் பெட்டியில் வைத்துக் காலையில் எடுப்பது வழக்கம். அந்தப் பெட்டி பழையது. உள்கூரையிலிருந்து துரு உதிர ஆரம்பித்திருந்தது. முந்தின நாள்தான் அதைப் பார்த்தேன். வெள்ளைப் பொடியில் துரு விழுந்தால் கெட்டுவிடுமே என்று தோன்றியது. மேடம் வகுப்பில் இருந்தார். என் பையில் சாப்பாட்டு டப்பா சாயாமல் சுற்றி வைத்திருந்த பழைய வேட்டித் துணி இருந்தது. துவைத்து வெளுத்த துணி. அதைத் தட்டின் மேல் மூடி, ஓரத்தை அடியில் செருகிப் பெட்டிக்குள் வைத்தேன்.

காலையில் மேடம் பார்த்தார். "நல்ல யோசனண்ணே. துரு விழுறத நான் கவனிக்கவே இல்ல பாருங்க," என்றார். நோட்டில் 'தட்டைத் துணியால் மூடி உலர்த்தியது' என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துப் பாத்திரத்தைத் திறந்தபோது ரோஜா வாசம்.

மேடம் குனிந்து இன்னொரு முறை முகர்ந்தார். பிறகு கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்ச் சிலிண்டர் கொட்டகைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். அன்று அவர் சொல்லாமலே குப்பிகளோடு மதுரைப் பேருந்தைப் பிடித்தேன்.

தாளிலும் அதுதான் வந்தது. மதுரைப் பேராசிரியர் மகிழ்ந்துபோனார். இதே முடிவு இன்னும் மூன்று முறை வந்தால் எழுத உட்காரலாம் என்று சொல்லிவிட்டார். அந்த மாதமே மதுரையில் நடந்த ஒரு கருத்தரங்கில் மேடம் இதைப் படித்தார். உமிச் சாம்பல்தான் காரணம் என்று படித்தார். கேட்டவர்கள் கைதட்டினார்கள் என்று சொன்னார். அந்த வாரம் தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் புதிய மல் துணி வாங்கிவந்து, தட்டுக்கு ஏற்றபடி சதுரமாக வெட்டித் தந்தார்.

"உங்க துணிய நீங்க கொண்டுபோங்கண்ணே. இனிமே இதவே போடுவோம்."

நான் வேட்டித் துணியை வீட்டுக்கு எடுத்துப் போனேன். புது மல் துணி போட்டு மூடிய பதினெட்டாவது முறை கொசு எண்ணெய். பத்தொன்பதாவதும் அதுவே. இப்படியே போய்க்கொண்டிருந்தது.

மேடம் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார். கழுவும் தண்ணீரை மாற்றினார். ஆழ்குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டு, தேனியிலிருந்து கேனில் வந்த காய்ச்சி வடித்த நீர். சிலிண்டரை மாற்றினார். எண்ணெயை மாற்றினார். என் நோட்டைத் திரும்பத் திரும்பப் படித்தார். பதினேழாவது முறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் அதில் வித்தியாசமே இல்லை. துணியால் மூடியது என்று எல்லாவற்றிலும் இருந்தது.

இப்படி ஒன்றே முக்கால் வருடம் போனது. பதிவுக் காலம் முடிந்து ஒருமுறை நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. அடுத்த வருடக் கோடைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அதுவரை செய்த எல்லாமே கணக்கில் வராமல் போய்விடும். மேடத்தின் வீட்டிலும் பேச்சு இருந்திருக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் ஒருநாள் தன் கணவரோடு போனில் பேசும்போது, "இல்ல, இந்த வருஷத்தோட முடிஞ்சிரும், எப்படியாச்சும் முடிஞ்சிரும்" என்றார். தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது.

அந்த ஐப்பசியில் எங்கள் தோட்டத்தில் கவாத்து முடிந்து துளிர் விட்டிருந்தது. இலையில் சாம்பல் நோய் தட்டுப்பட்டது. அதற்கு நாங்கள் அடிப்பது கந்தகம். பொடியை வாளியில் கரைத்து, துணியில் வடிகட்டித்தான் மருந்தடிக்கும் டேங்கில் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் கட்டி போய் நாசில் அடைத்துக்கொள்ளும். பள்ளத்தாக்கில் திராட்சை வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் இதற்கென்று ஒரு பழைய வேட்டித் துணி இருக்கும். மருந்தடித்து முடித்ததும் வாய்க்காலில் அலசிக் காயப்போட்டுவிட்டால் மற்ற நாளில் வேறு எதற்காவது ஆகும்.

மற்ற நேரம் துணியை மடித்துத்தான் வாளியில் கட்டுவோம்; அன்று என் மனைவி முழுதாக விரித்துப் பிடித்தாள். நான் வாளியைத் தூக்கினேன்.

"இந்தாங்க, இதுல எதைய வச்சீக? வட்டமாக் கருகிக் கெடக்கு."

"எங்க?"

"இங்கன பாருங்க. தோசக்கல்ல வச்ச மாதிரி. ஒங்க கல்யாண வேட்டி இது. கிழிச்சுக் கொடுத்ததே பெருசு, அதையும் சுட்டுக் கொண்டாந்திருக்கீக."

பீங்கான் தட்டின் விளிம்பு அளவு வட்டம். சூடும் துருவும் சேர்ந்த காவி நிறம். வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

கந்தகம் அந்த அறைக்குள் வரக்கூடாது என்பது எனக்குத் தெரியும். வந்த புதிதில் ஒரு குடுவையை ரப்பர் அடைப்பானால் மூடியதற்கு மேடம் சத்தம் போட்டிருக்கிறார். ரப்பரில் கந்தகம் இருக்கும், கந்தகம் பட்டால் பிளாட்டினம் செத்துப்போகும் என்றார். அன்றிலிருந்து கண்ணாடி அடைப்பான்தான். ஆனால் மருந்தடிக்கிற கந்தகமும் அந்தக் கந்தகமும் ஒன்று என்று என் மண்டையில் ஏறவில்லை. தோட்டத்தில் அதற்கு மருந்து என்றுதான் பெயர். துணி துவைத்த துணி. வெள்ளையாகத்தான் இருந்தது.

எனக்கு வேறொன்றும் விளங்கவில்லை. கந்தகம் பட்டால் கெடும் என்றால், கெட்டிருக்க வேண்டியது பதினேழாவது முறைதான். அதுதானே சரியாக வந்தது? ஒருவேளை எனக்குத்தான் தெரியவில்லையோ, நான் ஏதாவது உளறி அவர் செய்ததைக் குழப்பிவிடுவேனோ என்று இருந்தது. இது ஒரு சாக்கு. உண்மையில் எனக்குப் பயம். மேடம் உமிச் சாம்பல்தான் காரணம் என்று மதுரையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பாதி ஆய்வேடு தட்டச்சாகிவிட்டது. நான் போய் அது எங்கள் வேட்டி என்று எப்படிச் சொல்வது.

சொல்லாமல் இருந்தேன். அந்தச் சமயம் பார்த்து மேடத்துக்கு ஒரு புது யோசனை வந்தது.

"பதினேழுக்கு எடுத்த உமி எந்த மில்லுண்ணே?"

சொன்னேன்.

"அந்த வருஷம் அவுக என்ன நெல்லு அரைச்சாகன்னு கேளுங்க. அதே ரகம், அதே வயக்காட்டு நெல்லு வேணும். மண்ணுல ஏதோ இருந்திருக்கு. அது உமியில ஏறியிருக்கு."

நான் சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு மில் மில்லாகப் போனேன். அந்த நெல் ரகத்தை அப்போது யாரும் அதிகம் போடவில்லை. ஒரு மில்லில் இருந்தவர் என் சாக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உமிக்கு ஊர் ஊரா அலையிறீகளே, கோழிப்பண்ண வச்சிருக்கீகளா?"

"இல்ல. காலேசுக்கு."

"காலேசுல கோழி வளக்குறாகளா?"

உள்ளே மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நல்ல மனிதர். பழைய குவியலைத் தோண்டி ஒரு சாக்கு நிறைத்துக் கொடுத்தார். அப்படி மூன்று சாக்கு கொண்டுவந்தேன். ஒவ்வொன்றையும் மேடம் கழுவி, சுட்டு, பிளாட்டினம் ஏற்றி, ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தார். பிளாட்டினக் கரைசல் குப்பியில் விரல்கடை அளவுதான் மிச்சம் இருந்தது. அதை அலமாரியில் வைத்துப் பூட்டும்போது வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு வைப்பார்.

மூன்றாவது சாக்கும் கொசு எண்ணெய் ஆன அன்று மதியம், நான்காவது மில்லின் பெயரை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். சின்னமனூருக்கு அந்தப் பக்கம். நான் தாளை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனேன். திரும்பி வந்தேன்.

"மேடம், உமியில இல்ல மேடம்."

"என்னண்ணே?"

"உமி இல்ல. துணி."

அவருக்குப் புரியவில்லை. நான் கோர்வையாகச் சொல்லவில்லை. வடிகட்டுவதை முதலில் சொன்னேனா, வட்டத்தை முதலில் சொன்னேனா நினைவில்லை. பாதியில் அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"கந்தகமா?"

"ஆமா மேடம். சாம்ப நோய்க்கு அடிக்கிறது."

"அந்தத் துணிலதான் மூடுனீகளா?"

"அந்த ஒரு தடவ மட்டும். அப்புறம் நீங்க மல் துணி வாங்கிக் குடுத்திட்டீக."

"இது எப்ப தெரியும் உங்களுக்கு?"

"ஐப்பசியில."

"ஒன்றர மாசமா?"

"ஆமா மேடம்."

"தெரிஞ்சுக்கிட்டே ஒன்றர மாசமா உமி பொறுக்கிட்டு வந்தீகளா?"

திட்டுவார் என்று நின்றேன். அவர் எழுந்து கையெழுத்துப் போட வேண்டிய பதிவேட்டைத் தேடினார். அது கண் முன்னால்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். போட்டுவிட்டுப் பேருந்துக்குப் போய்விட்டார். என் கையில் மில் பெயர் எழுதிய தாள் இருந்தது.

மறுநாள் மேடம் லீவு. அடுத்த நாள் வந்ததும், "துணிய கொண்டாந்தீகளா?" என்றார். கொண்டுவரச் சொல்லவில்லை, ஆனாலும் பையில் வைத்திருந்தேன். வீட்டில் அதை எடுக்கும்போது மனைவி கேட்டாள்: "மருந்து வடிச்ச துணிய வச்சு அந்தம்மா என்ன படிப்புப் படிக்கப்போறாக?"

அந்தத் துணியை மூடிச் செய்த முறையில் அழுத்தமானி முள் அசையவே இல்லை. மூன்று மணி நேரம் ஒரே எண்ணை எழுதினேன். துணி அதற்குள் இன்னும் இரண்டு பருவ மருந்தைக் குடித்திருந்தது. பிளாட்டினம் செத்துவிட்டது. மேடம் எனக்கு அப்போதுதான் சொன்னார். நிறையப் பட்டால் சாகும். மிகக் கொஞ்சமாகப் பட்டால் சாகாது. வேகம் குறையும், வேண்டாத இடங்களில் ஹைட்ரஜன் சேர்வது நின்று, வேண்டிய இடத்தில் மட்டும் சேரும். இது இவருக்கு முன்பே வேறு ஆட்கள் எழுதிவைத்த விஷயம். புதிது இல்லை. புதிது என்று இவர் நினைத்தது உமிச் சாம்பலைத்தான்.

துணியை விட்டுவிட்டு, கந்தகத்தையே மிகச் சிறிய அளவில் நிறுத்துச் சேர்த்துப் பார்த்தார். நான்கு முறை அளவு தப்பியது. ஐந்தாவதில் ரோஜா வாசம் வந்தது. ஆறிலும் ஏழிலும் வந்தது. உமிச் சாம்பலை எடுத்துவிட்டுக் கடையில் விற்கும் சாதாரணப் பொடி மேல் செய்தாலும் வந்தது. அதோடு பிளாட்டினக் குப்பி காலி. கொசு எண்ணெய் வரும்போது இருந்த முகம்தான் அன்றைக்கும் அவருக்கு.

மதுரைக்குப் போய்ப் பேராசிரியரிடம் சொல்லிவிட்டு வந்தார். நானும் பெட்டியோடு கூடப் போயிருந்தேன். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

"யாருக்குமே தெரியப்போறதில்லையேம்மா," என்றார் பேராசிரியர். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு யோசிக்கிற குரல் அது. "அந்தப் பதினேழாவது பேட்ச விட்டுட்டு மிச்சத்த வச்சு எழுதுனா கொடுக்க ஒண்ணுமில்ல. துணியச் சொன்னா, கருத்தரங்குல பேசுனத வாபஸ் வாங்கணும்."

"வாங்கிர்றேன் சார்."

"ஆய்வேடு நிக்குமான்னு எனக்குத் தெரியல. அதையும் சொல்லிர்றேன்."

"தெரியும் சார்."

ஊர் திரும்பிய வாரம் கருத்தரங்கு நடத்தியவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். பதிவுத் தபாலில் நான்தான் போட்டேன். தட்டச்சான பாதியில் ஓர் அத்தியாயத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தோற்றுப்போன முறைகள் எல்லாவற்றையும் பட்டியலாகப் போட்டார். பட்டியலுக்குக் கீழே துணியைப் பற்றி ஒன்றரைப் பக்கம். திராட்சைத் தோட்டம், சாம்பல் நோய், வடிகட்டுவது எல்லாம் அதில் ஆங்கிலத்தில் இருந்தன. என் பெயரைப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஆய்வகப் பணியாளர் என்று மட்டும் போட்டார்.

துறையில் விஷயம் பரவியது. ஸ்டோர் கீப்பர் என்னைத் தேநீர்க் கடையில் பிடித்தார். "ஏ மாப்ள, ஒரு வேட்டித் துணி பி.எச்டி.யத் தின்னுருச்சாம்ல. ஒன் துண்டையும் கழட்டிக் காமி, அது எத்தனையத் தின்னிருக்குன்னு பாப்போம்." கடையில் இருந்த நான்கு பேர் சிரித்தார்கள். நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

ஆய்வேடு கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது மதுரையில் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் எட்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் நிராகரித்துவிட்டார் என்று ஒரு பேச்சு வந்தது. பிறகு அது வேறு யாருடையதோ என்றார்கள். 2007 தொடக்கத்தில் வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

"நீங்களும் வாங்கண்ணே," என்றார் மேடம். "அந்த ஒன்றரப் பக்கத்தப் பத்தித்தான் கேப்பாக."

கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். தேர்வாளர் கேரளாவிலிருந்து வந்தவர், வயதானவர், மெல்லிய குரல். ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் போனது. மேடம் நின்றுகொண்டே பதில் சொன்னார். பட்டியல் திரையில் வந்தது. அடுத்து துணி வந்தது. துணியை மேடம் படம் எடுத்துப் போட்டிருந்தார். அந்தக் காவி வட்டம் சுவர் அளவுக்குத் தெரிந்தது. அறையில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தேர்வாளர் ஏதோ கேட்டார். மேடம் பதில் சொல்லத் தொடங்கி நிறுத்தினார். "அது எனக்குச் சரியாத் தெரியாது சார்," என்று தமிழில் சொல்லிவிட்டு, கடைசி வரிசையைப் பார்த்தார். எல்லாரும் திரும்பினார்கள்.

தேர்வாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். "ஆ துணி எத்ர பிராவஸ்யம் கழுகி?" என்று மலையாளத்தில் கேட்டார். எத்தனை முறை கழுவியது என்கிறார். எங்கள் பக்கத்தில் யாருக்கும் அது புரியும்.

எழுந்து நின்றேன். காது சூடானது. முன்வரிசை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். மேடம் மேசை ஓரத்தில் விரலை வைத்து நின்றுகொண்டிருந்தார். ஒன்பது வருட வேலை அந்தச் சுவரில் தெரிந்தது.

"மூணு தடவ சார். வாய்க்கா தண்ணியில."

"சோப்பு?"

"ரெண்டு தடவ போட்டது. கடைசி அலசுனது வெறும் தண்ணி."

யாரோ சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். நான் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை.

"அது தண்ணியில கரையாது சார்," என்றேன். "கரையாததாலதான் துணியில வடிகட்டுறோம். கரைஞ்சா எதுக்கு வடிகட்டணும்? அது எனக்குத் தெரிஞ்ச விசயம். மேடத்துக்குத் தெரியாது. நாந்தான் சொல்லல. ஒன்றர மாசம் சொல்லல. நான் சொன்னதும் அவுக எல்லாத்தையும் எழுதிட்டாக."

தேர்வாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "செரி" என்று தலையசைத்து, ஆங்கிலத்தில் மேடத்திடம் அடுத்ததைக் கேட்டார். கந்தகத்தின் அளவைப் பற்றியது என்று மட்டும் தெரிந்தது. மேடம் அந்த அளவைத் தாளைப் பார்க்காமலேயே சொன்னார்.

எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். மேடம் தாழ்வாரத் தூணருகே நின்றார், நான் படியருகே நின்றேன். மதுரைப் பேராசிரியர் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கொடுத்துட்டாகம்மா," என்றார். "ஒரு நிபந்தன. தலைப்புல 'தேர்ந்த'ங்கிற வார்த்தைய எடுக்கணும். உமிச் சாம்பல் தேர்ந்து செய்யலைன்னு நீங்களே எழுதிட்டீக. அது அட்டையில இருக்கக்கூடாதுன்னு சொல்றாரு. அத மாத்திக் கொடுத்தா நாளைக்கே கையெழுத்து."

வேண்டிய இடத்தில் மட்டும் ஹைட்ரஜனைச் சேர்ப்பது என்று அதற்கு அர்த்தம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் ஆராய்ச்சிக்கே வந்தது. "சரிங்க சார்," என்றார் மேடம்.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே பைண்டிங் கடை. நான்கு பிரதிகளையும் நான் தூக்கிக்கொண்டு போனேன். கறுப்பு அட்டையில் தங்க எழுத்து. கடைக்காரர் கண்ணாடி மாட்டிக்கொண்டு தலைப்பை விரலால் தடவிப் பார்த்தார். மேடம் எடுக்க வேண்டிய வார்த்தையைக் காட்டினார்.

"இத எடுத்துட்டா நடுவுல ஓட்டையாத் தெரியுமேம்மா. அதே நீளத்துக்கு வேற வார்த்த ஏதாச்சும் சொல்லுங்களேன், உள்ள வச்சுர்றேன்."

"வேற வேணாங்க," என்றார் மேடம். "மிச்சத்த நகத்திப் போட்டுருங்க."